வட்ட முனையும் சதுர முனையும்

பழைய வீடொன்றின் வயதை அறிய விரும்புவோர் அதன் உறுதியைத் தேடிப் பெட்டகத்தைத் திறக்கவேண்டுவதில்லை. சுவரை உற்று நோக்கினாலே போதும். வட்டமான மரக்குற்றியொன்றின் மேல், பித்தளைக் குமிழால் மூடப்பட்ட ஆளி ஒன்று இருக்குமாயின் அவ்வீட்டிற்கு மின்சாரம் முதலாம் உலகப் போரை ஒட்டிய காலத்திலே வந்ததெனக் கொள்ளலாம். கரிய பேக்கலைற்று ஆளியும், மூன்று வட்டத் துளைகள் கொண்ட பீடமும் இருந்தால் இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னுமாகச் சில பத்தாண்டுகள். வெண்ணிறத் தகட்டிலே மூன்று நீள்சதுரத் துளைகள் இருந்தால், ஒன்றில் வீடு புதிது, அன்றேல் வீட்டுக்காரர் செலவு செய்து பழையதை மாற்றியிருக்கிறார். சில வீடுகளில் இம்மூன்று காலத்தையும் ஒரே சுவரிற் காணலாம். அத்தகைய வீடுகளே வரலாற்று மாணவனுக்கு விருந்தாவன; மின்வினைஞனுக்கோ அவை தலையிடி.

பேச்சு வழக்கிலே 'சுவிச்' என்பதனை ஆளி என்றும், 'பிளக்' என்பதனைச் செருகி என்றும், அச்செருகி சென்று பொருந்தும் 'பிளக் பொயின்ற்' என்பதனைக் குதை என்றும் நம் பாடநூல்கள் வழங்குகின்றன. இம்மூன்றும் வீட்டுப் பொருள்களுள் மிக எளியவை. ஆயினும் ஒரு நாடு முழுவதும் இவற்றை மாற்றியமைக்க முனைந்தபோது, பொறியியலாளரும் அரசாங்கமும் வணிகரும் இல்லத்தரசிகளும் ஒருங்கு கூடி விவாதிக்க நேர்ந்தது. அந்நாடு பிரித்தானியா. அதன் முடிவு பல ஆண்டுகள் கழித்து இலங்கை வீடுகளின் சுவர்களையும் வந்து தொட்டது.

தொடக்க காலத்தில் வீட்டுச் சுவரில் குதை என்ற ஒன்றே இருக்கவில்லை. மின்சாரம் என்றால் விளக்கு என்பதே அக்காலத்தார் கருத்து. இங்கிலாந்தின் வடபால் நொதம்பர்லாந்து மாவட்டத்திலே கிராக்சைட் என்னும் மாளிகையில், செல்வந்தரும் பொறியியலாளருமான வில்லியம் ஆம்ஸ்ட்ரோங், ஜோசப் சுவான் ஆக்கிய மின்குமிழ்களை 1880ஆம் ஆண்டின் இறுதியிலே பொருத்தினார். 1882ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 4ஆம் நாள் நியூயோர்க் நகரின் பேர்ள் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டிலேயே இலண்டனில் மின்பொறியியலாளர் சங்கம், மின்விளக்கினால் நேரும் தீ அபாயத்தைத் தடுப்பதற்கான விதிகளை வெளியிட்டது. நான்கு பக்கங்களுக்குள் அடங்கிய சிறு ஏடு அது. இன்று அதன் வழித்தோன்றலாகிய விதிநூல் நூற்றுக்கணக்கான பக்கங்களாக விரிந்து கிடக்கின்றது. மின்சாரத்தை வீட்டுக்குள் அழைத்த அன்றே அதற்குக் கடிவாளமும் தேடினர் என்பது கருதத்தக்கது.

முதலிற் சீர்பெற்றது ஆளியே. இரண்டு உலோகத் துண்டுகளைத் தொடச் செய்தால் மின்னோட்டம் பாயும், பிரித்தால் நிற்கும். கேட்பதற்கு எளிது. ஆனால் அக்காலத்து மின்சாரம் பெரும்பாலும் நேரோட்டம். மெல்லப் பிரிக்கப்படும் இரு முனைகளுக்கிடையே நேரோட்டம் எளிதில் அறுந்துவிடுவதில்லை; காற்றினூடே ஒளிவீசும் வில்லாக வளைந்து நின்று, உலோகத்தை உருக்கி, அடியிலுள்ள மரத்தையும் கருக்கிவிடும். தயங்கித் தயங்கி ஆளியை அணைப்பவர் கையிலே தீயை வளர்ப்பவர் ஆவார். இக்குறையை நீக்கியவர் நியூகாசில் நகரத்து ஜோன் ஹென்றி ஹோம்ஸ் என்பவர். 1884ஆம் ஆண்டில் அவர் அமைத்த ஆளியிலே வில்லுச்சுருள் ஒன்று இருந்தது. மனிதர் கை எவ்வளவு மெதுவாக இயங்கினும், ஒரு குறித்த நிலையைத் தாண்டியதும் சுருள் விசையோடு பாய்ந்து முனைகளை நொடிப்பொழுதிற் பிரித்துவிடும். ஆளியைத் தட்டும்போது கேட்கும் 'டக்' என்னும் ஓசை ஹோம்ஸ் விட்டுச்சென்றதே. ஆடலோட்ட மின்சாரம் பரவிய பின்னர், ஓட்டம் தானாகவே நொடிக்கு நூறு முறை சூனியத்தைத் தொட்டு மீள்வதால், வில்லின் தொல்லை பெரிதும் குறைந்தது, ஆளிகளும் சிறுத்தன.

குதையின் கதை இத்துணை நேரானதன்று. வீட்டில் விளக்குக்கென மட்டும் கம்பி இழுக்கப்பட்டிருந்தது. பின்னர் மின்னழுத்தி வந்தது, கேத்தில் வந்தது, விசிறி வந்தது. இவற்றுக்கு மின்சாரம் எடுக்க இடம் ஏது? கூரையிலே தொங்கும் விளக்கின் குமிழைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஓர் இணைப்பியைப் பொருத்தி, அதிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டனர். மேசைமீது துணி அழுத்தும் பெண்ணின் தலைக்குமேல் மின்கம்பி ஆடிக்கொண்டிருந்தது. விளக்குக்கென இழுத்த மெல்லிய கம்பியிலே வெப்பமூட்டும் கருவியின் சுமை ஏறியது. கம்பி சூடேறுவதைக் கண்ணாற் காண இயலாது; காப்புறை கருகிய நாற்றம் எழுந்த பின்னரே தெரியவரும்.

சுவரிலே முதலில் வந்த குதைகள் இரு துளைகள் கொண்டவை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் விருப்பப்படி ஓர் அளவை வகுத்துக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் செருகி மற்றொன்றின் குதையில் நுழையாது. இதனினும் பெரிய குறை ஒன்றிருந்தது. மின்னழுத்தியின் உள்ளே உயிர்க்கம்பி அறுந்து அதன் உலோக உடலைத் தொட்டுவிட்டால், அவ்வுடல் முழுவதும் மின்னேறி நிற்கும். அதைத் தொடுபவர் ஈரத் தரையில் நின்றால் மின்சாரம் அவருடைய உடலினூடாகவே நிலத்தை அடையும். இதனைத் தடுக்க ஒரே வழி, உலோக உடலை மூன்றாவது கம்பியொன்றினால் நிலத்தோடு இணைத்துவிடுதல். அப்பொழுது மின்சாரம் மனிதரை விட்டு அக்கம்பி வழியே பெருவெள்ளமாகப் பாயும்; உருகி உருகிச் சுற்று அறும். இதுவே புவித்தொடுப்பு. இத்தகைய மூன்றாம் முனை கொண்ட செருகிகள் 1911ஆம் ஆண்டளவிலே பிரித்தானியக் கடைகளுக்கு வந்தன. ஆயினும் மூன்றாம் கம்பிக்குச் செலவு மிகுதி எனப் பலர் இரண்டோடு நின்றுவிட்டனர். உயிர் காக்கும் பொருள்கள் பலவற்றுக்கும் நேரும் கதி இது.

பிரித்தானிய நியமங்கள் நிறுவனத்தார் இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்று, 1934ஆம் ஆண்டிலே 546 என்னும் இலக்கமுடைய நியமத்தை வெளியிட்டனர். மூன்று வட்ட முனைகள். 2, 5, 15, 30 அம்பியர் என நான்கு அளவுகள். முனைகளின் பருமனும் இடைவெளியும் அளவுக்கு அளவு வேறுபடும். எனவே 15 அம்பியர்ச் செருகியை 5 அம்பியர்க் குதையிற் செருக இயலாது. இலங்கையர் நன்கறிந்த சிறிய வட்ட முனையும் பெரிய வட்ட முனையும் இந்நியமத்தின் பிள்ளைகளே. விளக்கு, வானொலி முதலியவற்றுக்கு ஐந்து. மின்னழுத்திக்கும் கேத்திலுக்கும் பதினைந்து. ஒழுங்கு வந்தது என்னவோ உண்மை. ஆனால் வீட்டுக்காரர் ஒவ்வோர் அறையிலும் இருவகைக் குதைகளை வைக்கவேண்டியதாயிற்று. பெரிய குதை ஒவ்வொன்றுக்கும் பிரதான பலகையிலிருந்து தனிக் கம்பியும் தனி உருகியும் வேண்டும். ஆகவே பெரும்பாலோர் வீட்டுக்கு ஒன்றிரண்டு பெரிய குதைகளோடு மனநிறைவு கொண்டு, மற்றவற்றுக்கெல்லாம் இணைப்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டனர்.

இந்நிலையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. குண்டுவீச்சினால் பிரித்தானியாவில் வீடுகள் பெருந்தொகையாக அழிந்தன. அழிந்தவற்றை மீளக் கட்டும்போது பழைய பிழைகளை மீளக் கட்டலாகாது என்று கருதிய அரசாங்கம், போர் நடந்துகொண்டிருக்கும்போதே வீடமைப்பின் ஒவ்வொரு துறைக்கும் ஆய்வுக் குழுக்களை ஏற்படுத்தியது. மின்னிணைப்புப் பற்றி ஆராயும் குழுவை 1942ஆம் ஆண்டிலே மின்பொறியியலாளர் நிறுவகம் கூட்டியது. அதன் அறிக்கை 1944ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அக்குழுவிலிருந்த ஒரே பெண் கரோலைன் ஹாஸ்லற் அம்மையார். 1895ஆம் ஆண்டு பிறந்த இவர், பெண் பொறியியலாளர் சங்கத்தின் முதற் செயலாளராக 1919இல் அமர்ந்தவர். 1924இல் பெண்களுக்கான மின்சாரச் சங்கம் தொடங்கியபோது அதன் தலைமைப் பணியை ஏற்றவர். அடுப்பூதியும், கரி அள்ளியும், துணி தோய்த்தும் பெண்கள் தேயும் வாழ்வுக்கு மின்சாரமே விடிவு என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. தாம் இறந்தபின் தம் உடலை மின்சாரத்தினாலேயே தகனம் செய்யவேண்டும் என்று விருப்பாவணத்தில் எழுதிவைத்தார் என்றால் அந்நம்பிக்கையின் ஆழம் விளங்கும். 1957ஆம் ஆண்டு சனவரி மாதம் அவர் மறைந்தார். குழுவில் இருந்த பொறியியலாளர்கள் அம்பியரையும் செம்பின் நிறையையும் கணக்கிட்டனர். அவரோ வீட்டிலே மின்சாரத்தைக் கையாள்பவர் யார், தரையில் தவழ்பவர் யார் என்பதை அறிந்தவர். குழந்தையின் விரலோ ஊசியோ நுழையாதவாறு குதையின் துளைகளுக்குத் தட்டி வேண்டும் என்பது அக்குழுவின் அறிக்கையில் அழுத்தமாக இடம்பெற்றது.

குழு எதிர்நோக்கிய சிக்கல் இதுதான். வீட்டுக்கு நிறையக் குதைகள் வேண்டும். ஆனால் போரினால் செம்புக்குத் தட்டுப்பாடு. ஒவ்வொரு குதைக்கும் தனிக் கம்பி என்னும் பழைய முறையைத் தொடர்ந்தால் செம்பு போதாது. இதற்கு அவர்கள் கண்ட விடை வளையச் சுற்று என்பது. பிரதான பலகையிலிருந்து புறப்படும் கம்பி, அறை அறையாகச் சென்று ஒவ்வொரு குதையையும் தொட்டு, மீண்டும் பலகைக்கே வந்து சேரும். அதனால் ஒவ்வொரு குதைக்கும் இரு திசைகளிலிருந்தும் மின்னோட்டம் கிடைக்கும்; கம்பி மெல்லியதாக இருப்பினும் சுமையைத் தாங்கும். ஏறத்தாழ 1000 சதுர அடிப் பரப்புக்கு ஒரு வளையம். அதிலே வேண்டிய அளவு குதைகள். வளையம் முழுவதற்கும் 30 அம்பியர் உருகி ஒன்று. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் இயங்குவதில்லை என்னும் எளிய உண்மையின்மேல் எழுந்த கட்டடம் இது.

ஆனால் அதனாலே புதிய ஆபத்தொன்று பிறந்தது. மேசை விளக்கின் மெல்லிய வடம் மூன்று அம்பியரைத் தாங்கும். அதிலே குறுஞ்சுற்று நேர்ந்தால் பலகையிலுள்ள 30 அம்பியர் உருகி உருகுவதற்கு முன் வடம் தீப்பற்றிவிடலாம். ஆகவே ஒவ்வொரு செருகியின் வயிற்றிலும் ஒரு சிறு உருகியை வைக்கவேண்டும் என முடிவு செய்தனர். விளக்குக்கு 3 அம்பியர், வெப்பமூட்டிக்கு 13 அம்பியர். செருகி ஒன்றே, உள்ளே இருக்கும் உருகி மட்டும் வேறு. பதின்மூன்று என்னும் விந்தையான எண் எங்கிருந்து வந்தது எனக் கேட்பாருண்டு. அறையைச் சூடாக்கும் 3 கிலோவாற்று வெப்பமூட்டியை 230 வோல்ற்றில் இயக்க வேண்டிய ஓட்டம் பதின்மூன்று அம்பியர். அவ்வளவே. குளிர்நாட்டின் கணப்பு, வெப்பநாடுகளின் சுவர்களுக்கும் அளவு வகுத்துக் கொடுத்துவிட்டது.

முனைகள் ஏன் சதுரமாயின என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கின்றது. உருகி இல்லாத பழைய வட்ட முனைச் செருகி, 30 அம்பியர் வளையத்தின் குதையிலே ஒருபோதும் நுழையலாகாது. நுழைந்தால் காவல் முழுதும் வீண். எனவே பழையதோடு சிறிதும் பொருந்தாத வடிவம் வேண்டியதாயிற்று. பொருந்தாமை சில வேளைகளில் குறையன்று; அதுவே காப்பு. 1947ஆம் ஆண்டு 1363 என்னும் இலக்கத்தோடு வெளிவந்த நியமத்திலே மூன்று நீள்சதுர முனைகள் இடம்பெற்றன. மேலேயுள்ள புவிமுனை மற்றவற்றினும் நீளமானது. அது முதலில் உள்ளே சென்று, ஏனைய இரு துளைகளையும் மூடியிருக்கும் தட்டிகளை விலக்கிய பின்னரே மற்ற முனைகள் நுழைய இயலும். கருவி மின்னேறுவதற்கு முன் அது நிலத்தோடு இணைந்துவிடும். உலகின் செருகிகளுள் பருமனானவற்றுள் இதுவும் ஒன்று. தரையிலே கிடக்கும்போது முனைகள் வானை நோக்கி நிற்கும். இரவில் வெறுங்காலால் மிதித்தவர் அதன் படைப்பாளிகளை வாழ்த்தமாட்டார்.

நியமம் வெளிவந்துவிட்டால் நாடு மாறிவிட்டதெனக் கொள்ளலாகாது. சில உற்பத்தியாளர் தத்தம் வடிவங்களை விடாது பிடித்துக்கொண்டனர். டோர்மன் ஸ்மித் என்னும் நிறுவனத்தின் செருகியிலே உயிர்முனையே உருகியாகவும் அமைந்திருந்தது. நல்ல எண்ணந்தான், ஆனால் அம்முனை திருகாணி போலக் கழன்று, செருகியை இழுக்கும்போது குதைக்குள்ளேயே தங்கிவிடும். மின்னேறிய உலோகத் துண்டு சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம். உள்ளூராட்சி மன்றங்கள் கட்டிய வீடுகள் பலவற்றில் இவ்வகைக் குதைகள் பொருத்தப்பட்டிருந்தமையால் அவை மறையப் பல ஆண்டுகள் சென்றன. சதுர முனைச் செருகியுங்கூட ஒரே நாளில் முழுமை பெறவில்லை. உயிர்முனையிலும் நொதுமல்முனையிலும் பாதியளவு காப்புறை இருக்கவேண்டும், அப்பொழுதே அரைகுறையாகச் செருகிய நிலையில் விரல் பட்டாலும் ஆபத்தில்லை என்பது 1984ஆம் ஆண்டிலேதான் நியமத்தில் ஏறியது. கருவிகளைச் செருகியோடு சேர்த்தே விற்கவேண்டும் என்னும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1990களின் நடுப்பகுதியில். அதுவரை பிரித்தானியாவில் கேத்தில் வாங்கியவர் வெட்டிய வடத்தோடு அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து, செருகியைத் தாமே பூட்டிக்கொண்டார். சிலர் சரியாக, சிலர் பிழையாக.

பழைய வீட்டில் ஆளியையும் குதையையும் மாற்ற முனைந்தவர்க்கு உண்மையான சோதனை சுவருக்குள்ளே காத்திருந்தது. போருக்கு முந்திய கம்பிகளின் காப்புறை வல்கனைசு செய்த இறப்பர். அதற்கு மேலே பருத்தி நாடா. அதனைச் சுமப்பது மரத்தாலான தண்டிகை. இறப்பரின் கதையிலே இலங்கைக்கும் பங்குண்டு. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்து, நாற்றுகளாக அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவில் உள்ள ஹெனரத்கொடைப் பூங்காவிலே நடப்பட்டன. அதன் பின் நமது மலைச்சாரல்களில் வடிந்த பாலும் உலகின் கம்பிகளுக்கு உறையாகச் சென்றது. ஆனால் இறப்பர் மூப்படையும். சூட்டிலும் காற்றிலும் இருபது முப்பது ஆண்டுகள் கிடந்தபின் அது நெகிழ்ச்சியை இழந்து உலர்ந்த பிட்டுப்போல் உதிரும். தொடாமல் விட்டால் அவ்வாறே இருக்கும். புதிய ஆளியைப் பூட்டுவதற்காகக் கம்பியை வளைத்த அக்கணமே உறை பொடியாகிச் செம்பு வெளியே தெரியும். முகத்தை மாற்றவந்தவர் நரம்புகள் அனைத்தையும் மாற்றவேண்டிய கட்டாயத்துக்கு ஆளாவார். 1950களிலிருந்து பரவிய பீ.வீ.சீ. உறை இக்குறையைப் பெரிதும் போக்கியது.

இதனினும் கொடியது மற்றொன்று. பழைய வீட்டிலே இரண்டு கம்பிகளே இருக்கும், புவிக்கம்பி இராது. அங்கே இரு துளைக் குதையைக் கழற்றிவிட்டு மூன்று துளைக் குதையைப் பூட்டுவது பத்து நிமிட வேலை. செருகி அழகாகப் பொருந்தும், கருவி இயங்கும், வீட்டுக்காரர் தாம் காக்கப்பட்டதாக நம்பியிருப்பார். ஆனால் மூன்றாம் துளையின் பின்னால் எதுவும் இல்லை. பழைய இரு துளைக் குதையாவது தன் குறையை வெளிப்படையாகக் காட்டிக்கொண்டு நின்றது. இது பொய்ச்சாட்சி. ஆளியிலும் இத்தகைய மறைந்த பிழை ஒன்றுண்டு. உயிர்க்கம்பியை அறுக்கவேண்டிய ஆளியை நொதுமற்கம்பியிலே பூட்டிவிட்டால் விளக்கு அணையத்தான் செய்யும். ஆனால் குமிழ்தாங்கியில் உயிர் அவ்வாறே நிற்கும். ஆளியை அணைத்துவிட்டேன் என்னும் துணிவோடு மேசைமேல் ஏறிக் குமிழைக் கழற்றுபவர் அதனைத் தம் விரலாலேயே அறிந்துகொள்வார்.

இலங்கையிலே முதன்முதல் மின்விளக்கு ஏற்றப்பட்டது 1895ஆம் ஆண்டு, கொழும்புக் கோட்டையிலிருந்த பிரிஸ்டல் விடுதியின் பிலியட் கூடத்தில் என்பர். பூஸ்ரெட் சகோதரர் நிறுவனமே அதனைச் செய்தது. 1927ஆம் ஆண்டு அரசாங்க மின்சாரத் திணைக்களம் தோன்றியது. பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே வகுத்துரைத்த நீர்மின் திட்டம் நெடுங்காலம் கிடப்பிற் கிடந்து, 1950ஆம் ஆண்டு லக்சபானாவில் உயிர்பெற்றது. இலங்கை மின்சார சபை 1969ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இக்காலம் முழுவதும் நம் வீடுகளில் ஆட்சி செலுத்தியது வட்ட முனையே. பிரித்தானியா சதுர முனைக்கு மாறியபோது இலங்கையும் இந்தியாவும் உடன் மாறவில்லை. மாறவேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை. இங்கே குண்டுவீச்சால் அழிந்த நகரங்களை மீளக் கட்டவேண்டிய நிலை அன்று இல்லை. அத்தகைய அழிவு பின்னர் நேர்ந்தபோது அதற்கெனக் குழு எதுவும் காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு 1990ஆம் ஆண்டு தொடக்கம் பல ஆண்டுகள் மின்சாரமின்றிக் கிடந்தது. ஆட்கள் அற்ற வீடுகளிலே கம்பிகளை மழையும் கறையானும் எலியும் பார்த்துக்கொண்டன. மீண்டும் மின்சாரம் வந்தபோது அத்தகைய வீட்டின் பழைய ஆளியை நம்பித் தட்டுவது துணிகரமான செயலே.

இதற்கிடையில் பொருளாதாரம் திறக்கப்பட்ட 1977ஆம் ஆண்டின் பின்னர், பல நாட்டுக் கருவிகள் பல வகைச் செருகிகளோடு துறைமுகத்தில் வந்திறங்கின. மத்திய கிழக்கிலே வேலைக்குச் சென்றவர்கள் சதுர முனைக் கருவிகளைக் கொண்டுவந்தனர். ஒரே வீட்டில் 5 அம்பியர் வட்டம், 15 அம்பியர் வட்டம், 13 அம்பியர் சதுரம், ஐரோப்பிய இரு முனை என நான்கு குலங்கள் குடியேறின. எல்லாவற்றையும் இணைத்துவைக்கும் தரகராக இணைப்பிகள் பெருகின. சதுரக் குதையிலே இரு முனைச் செருகியை நுழைக்க, மேல் துளையில் பேனை மூடியையோ ஈர்க்குத் துண்டையோ குத்தித் தட்டியைத் திறக்கும் வித்தை பாடசாலைச் சிறுவருக்கும் தெரிந்த ஒன்று. குழந்தைகளுக்காக ஹாஸ்லற் அம்மையார் வாதாடிய தட்டியை நம் குழந்தைகளே பேனை மூடியால் வென்றுவிட்டனர். அவ்வாறு நுழைந்த இரு முனை தளர்ந்து நிற்கும். தளர்ந்த இடத்திலே வெப்பம் பிறக்கும். கரிந்த துளைகளையுடைய குதைகள் நம்மூரில் அரியன அல்ல.

இந்நிலையை மாற்ற இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முன்வந்தது. பலவகைச் செருகிகளையும் ஆராய்ந்து, 13 அம்பியர் சதுர முனை ஒன்றே இனி நாட்டின் நியமம் என 2016ஆம் ஆண்டளவில் முடிவு செய்யப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளிலே ஏனைய வகைகளின் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் படிப்படியாகத் தடுக்கப்பட்டன. ஏற்கனவே வட்டக் குதைகள் உள்ள வீடுகளுக்கு 2038 வரை அவகாசம் அளிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் மிகையெனச் சிலர் கருதலாம். ஆனால் ஒரு வீட்டின் மின்னிணைப்பை முழுதாக மாற்றுவதென்பது சிறு குடும்பமொன்றுக்குத் திருமணச் செலவுக்கு அடுத்தபடியான செலவு. பிரித்தானியாவுக்கும் ஏறத்தாழ ஒரு தலைமுறை வேண்டியிருந்தது.

மாற்றுவோர் நினைவிற் கொள்ளவேண்டிய வேறுபாடொன்று உண்டு. இங்குள்ள பழைய 5 அம்பியர்க் குதைகள் பலவற்றுக்குப் பின்னால் உள்ள கம்பி ஐந்து அம்பியருக்கென இழுக்கப்பட்டது. அதிலே 13 அம்பியர்க் குதையைப் பூட்டினால், கேத்திலைக் கொண்டு வருபவருக்கு அது வரவேற்புக் கூறும். கம்பிக்கோ அச்சுமை ஆகாது. பலகையில் உரிய அளவுடைய உருகியோ சுற்றுடைப்பானோ இருந்தால் அது அறுந்து காக்கும். அடிக்கடி அறுகின்றதென்று தடித்த கம்பியை உருகியாகச் சுற்றிவைத்திருந்தால் காப்பதற்கு எதுவுமில்லை. ஆகவே தகட்டை மாற்றுமுன் பலகையையும், கம்பியின் பருமனையும், புவித்தொடுப்பையும் தகுதியுள்ள மின்வினைஞர் சோதித்தல் வேண்டும். பேச்சில் 'ட்ரிப் சுவிச்' எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான் பழைய வீடுகளுக்கு அக்காலத்தார் அறியாத காவலன். உயிர்க்கம்பி வழியே சென்ற ஓட்டமும் நொதுமற்கம்பி வழியே மீண்ட ஓட்டமும் சமமா என்று அது ஓயாது நிறுத்துப் பார்க்கின்றது. 30 மில்லி அம்பியர் அளவு குறைந்தாலும், அக்குறை யாரோ ஒருவரின் உடலினூடாகச் செல்லக்கூடும் எனக் கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை அறுத்துவிடும். பழைய வீட்டில் இதனைப் பூட்டியவுடன் அது ஓயாது அறுந்தால், பலர் அதனைப் பழுதெனத் தள்ளி ஒதுக்கிவிடுகின்றனர். பெரும்பாலும் பழுது அதிலன்று; சுவருக்குள்ளே உதிர்ந்துபோன உறையிலோ, மாரி மழையில் நனைந்த இணைப்பிலோ இருக்கும்.

வட்ட முனை தன் தாயகத்திலே முற்றாக மறைந்துவிட்டதா எனின், இல்லை. இலண்டன் நாடக அரங்குகளின் மேடை விளக்குகளில் 15 அம்பியர் வட்ட முனைச் செருகி இன்றும் பணிபுரிகின்றது. அங்கே விளக்குகள் மேடைக்கு மேலே எட்டாத உயரத்திற் கட்டப்பட்டிருக்கும். சதுரச் செருகியாயின் அதன் வயிற்றிலுள்ள உருகி காட்சியின் நடுவே உருகிவிட்டால் ஏறி மாற்ற வழியில்லை. உருகியற்ற வட்டச் செருகியாயின், கீழே பலகையிலிருக்கும் உருகியை மாற்றிவிட்டுக் காட்சியைத் தொடரலாம்.